எத்தனை பேரில் எத்தனை பேர்?

2021 கோடையில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஒரு கேள்வி கேட்டது. “ஊசி போட்டவங்களும்தானே செத்துப்போறாங்க? அப்புறம் எதுக்குப் போடணும்?” யாரும் வம்புக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகும் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்து, வீடு திரும்பாமலே போனதைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். அவர்களிடம் போய் “வதந்தியை நம்பாதீர்கள்” என்று சொன்னால் எடுபடாது. ஏனென்றால் கேள்விக்குள் இருக்கும் செய்தி உண்மை. ஊசி போட்டவர்களும் இறந்தார்கள். அந்த உண்மையிலிருந்து “ஆகவே ஊசியால் பயனில்லை” என்ற முடிவுக்குத் தாவும்போதுதான் நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது.

விட்டுப்போன படி எது என்று பார்க்க, தமிழ்நாட்டுக் காவல்துறையின் கணக்கைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டாம் அலையின்போதே இந்தக் கணக்கை எடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். காவல்துறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலேயே பாதி அறிவியல் இருக்கிறது. ஒரு தெருவில் எத்தனை பேர் ஊசி போட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார், இன்னொருவர் சொந்த ஊரில் ஊசி போட்டிருப்பார். காவல்துறையில் அந்தச் சிக்கல் இல்லை. சம்பளப் பட்டியலில் எல்லார் பெயரும் இருக்கிறது. முன்களப் பணியாளர்கள் என்பதால் பிப்ரவரியிலேயே ஊசி தொடங்கிவிட்டது. யாருக்கு எத்தனை தவணை என்ற பதிவும் இருக்கிறது. ஒரு காவலர் இறந்தால் அது துறைக்குத் தெரியாமல் போகாது. ஊரடங்கில் மற்றவர்கள் வீட்டில் இருந்தபோது இவர்கள் சோதனைச் சாவடியில் நின்றார்கள் என்பதால், கிருமியை எதிர்கொள்ளும் வாய்ப்பும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான்.

மொத்தம் 1,17,524 பேர். மே 14 வரையிலான பதிவின்படி, அவர்களில் 67,673 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள். 32,792 பேர் ஒரு தவணை மட்டும் போட்டவர்கள். 17,059 பேர் போடாதவர்கள். இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த ஏப்ரல் 13 முதல் மே 14 வரையிலான ஒரு மாதத்தில் 31 பேர் கொரோனாவால் இறந்தார்கள்.

அந்த 31 பேரில் 11 பேர் ஊசி போட்டவர்கள். இதை மட்டும் செய்தியாகச் சொன்னால், “இறந்த காவலர்களில் மூன்றில் ஒருவர் தடுப்பூசி போட்டவர்” என்று தலைப்பு வைக்கலாம். தலைப்பில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது. படித்தவர்கள் பயந்துபோவார்கள்.

இப்போது விட்டுப்போன படிக்கு வருவோம். இறந்தவர்களை இறந்தவர்களோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை பேரில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கு 1.17. ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர், ஆயிரத்துக்கு 0.21. இரண்டு தவணை போட்ட 67,673 பேரில் 4 பேர், ஆயிரத்துக்கு 0.06. போடாத கூட்டம்தான் இருப்பதிலேயே சின்னது. ஆனால் இறப்பில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. இறக்கும் அபாயத்தை ஒரு தவணை 82 சதவீதமும், இரண்டு தவணை 95 சதவீதமும் குறைத்தது என்று ஆய்வாளர்கள் சொன்னது இந்த வகுத்தலிலிருந்து வந்ததுதான். இதைத் தடுப்பூசிச் செயல்திறன் என்பார்கள். 95 சதவீதம் என்றால் நூறு பேரில் ஐந்து பேர் செத்துப்போவார்கள் என்று அர்த்தமில்லை. ஊசி இல்லாதிருந்தால் இருபது பேர் இறந்திருக்கக்கூடிய இடத்தில் ஒருவர் இறந்தார் என்று அர்த்தம். இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருந்ததால் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஆய்வுக்கும் குறைகள் உண்டு. ஊசி போடாமல் இருந்த 17,059 பேர் ஏன் போடவில்லை? ஏற்கெனவே உடல்நிலை சரியில்லாதவர்கள் பயந்து ஒதுங்கியிருக்கலாம். முந்தைய ஆண்டே தொற்று வந்து போனவர்கள் இருக்கலாம். வயது, இணைநோய் இவற்றையெல்லாம் சரிக்கட்டி எடுத்த கணக்கு அல்ல இது. அதனால் 95 என்பது 90 ஆக இருக்கலாம், 97 ஆகவும் இருக்கலாம். ஆனால் ஆயிரத்துக்கு 1.17 எங்கே, 0.06 எங்கே. இருபது மடங்கு இடைவெளி முழுவதையும் இணைநோய் ஒன்றைச் சொல்லி விளக்கிவிட முடியாது. பல நாடுகளில் நடந்த மருத்துவச் சோதனைகளில் யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு வேறு ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். போட்டுக்கொண்டவருக்கே எது என்று தெரியாது. அங்கே “பயந்து ஒதுங்கியவர்” என்ற சிக்கலுக்கே இடமில்லை. அந்தச் சோதனைகளும் காவல்துறைக் கணக்கும் ஒரே பக்கம் கைகாட்டின. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பவருக்கு அறிவியல் தரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வெவ்வேறு குறைகள் உள்ள ஆய்வுகள் ஒரே விடையில் வந்து நிற்கின்றன.

ஊசி போட்டவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, அந்தத் தெருக் கேள்வி வலுப்பெறும் என்பதுதான் விசித்திரம். ஒரு ஊரில் எல்லாரும் ஹெல்மெட் போடத் தொடங்கிவிட்டால், அங்கே சாலை விபத்தில் இறப்பவர் ஒவ்வொருவரும் ஹெல்மெட் போட்டவராகத்தான் இருப்பார். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கச் சொல்ல மாட்டோம். ஒரு லட்சம் பேர் உள்ள நகரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். 90,000 பேர் ஊசி போட்டவர்கள். போடாதவரில் ஆயிரத்துக்கு ஒருவர் இறக்கிறார், ஊசி அந்த அபாயத்தில் 90 சதவீதத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போடாத 10,000 பேரில் 10 இறப்பு. போட்ட 90,000 பேரில் 9 இறப்பு. இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள்! தடுப்பூசி அருமையாக வேலை செய்திருக்கிறது. செய்தியைப் படித்தால் தோற்றுப்போனது போலத் தெரியும். யாருமே போடாதிருந்தால் அந்த ஊரில் நூறு உயிர் போயிருக்கும்.

தமிழக சுகாதாரத்துறை அந்த நாட்களில் மாலைதோறும் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. மாவட்டவாரியாகப் புதிய தொற்று, குணமடைந்தவர், இறந்தவர். பின்பக்கங்களில் இறந்த ஒவ்வொருவரைப் பற்றியும் சில வரிகள். பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்ததா, எந்த நாளில் சேர்த்தார்கள், எந்த நாளில் இறந்தார் என்று இருக்கும். இவ்வளவு விவரமாகத் தினமும் மக்களுக்குச் சொன்ன அந்த உழைப்பு பெரிது. ஆனால் இறப்பு ஒவ்வொன்றும் ஒரு பத்தியாகக் கண்முன் நிற்கிறது. இறக்காமல் தப்பியவர்களுக்கு எந்த அறிக்கையிலும் பத்தி கிடையாது. வகுத்தலில் மேலே இருக்கும் தொகுதி கண்ணில் படுகிறது. கீழே இருக்கும் பகுதி படுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கில் இரண்டில் ஒன்றை எழுதாமல் விட்டாலும் மதிப்பெண் கிடைக்காது. பொதுவாழ்வில் கீழ் எண்ணை விட்டுவிட்டே பேசிப் பழகிவிட்டோம்.

கீழ் எண்ணை மறந்ததால் தமிழ்நாடு கொடுத்த விலைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் மக்களுக்கு முன்மாதிரியாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. ஏப்ரல் 17 அதிகாலையில் இறந்தார். அவரை நேசித்த கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த இரண்டு செய்திகளையும் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. ஊசி போட்டார், இறந்தார். தடுப்பூசிக்குப் பின் நிகழும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு பல மாதம் கழித்து, அது தற்செயலாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது, ஊசி காரணமல்ல என்று அறிவித்தது. அதற்குள் பயம் வேர்விட்டிருந்தது.

ஒரு குழுவால் அப்படிச் சொல்ல முடிவது எப்படி? நோயாளியின் ரத்தக்குழாய் அடைப்பு, பழைய மருத்துவக் குறிப்புகள் என்று தனித்தனியாகப் பார்ப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வழக்கமான இறப்பு வீதம். இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 6 பேர் இறக்கிறார்கள். கொரோனா வருவதற்கு முன்பே அப்படித்தான். அந்த ஏப்ரலில் நாடெங்கும் ஒரே நாளில் ஏறத்தாழ 30 லட்சம் ஊசிகள் போடப்பட்டன. 30 லட்சம் பேர் கொண்ட எந்தக் கூட்டத்தை எடுத்தாலும், அவர்களுக்கு எதுவுமே செய்யாவிட்டாலும், அடுத்த இரண்டு நாளில் சுமார் நூறு பேர் இறந்திருப்பார்கள். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து. படுத்த படுக்கையாக இருப்பவர் முகாமுக்கு வரமாட்டார் என்பதால் இது கொஞ்சம் குறையலாம். அப்போது ஊசி 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்பதால் கூடவும் செய்யலாம். ஆகவே “ஊசிக்குப் பிறகு இறப்பு நடந்ததா?” என்று கேட்பதில் பயனில்லை, நடக்கத்தான் செய்யும். வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக நடந்ததா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டால் பதில் எப்போதும் தடுப்பூசிக்குச் சாதகமாக வரும் என்றில்லை. அதே 2021 மார்ச்சில் ஐரோப்பாவில் ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசி போட்டவர்களில் மிகச் சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்தது. கோடிக்கணக்கானோரில் மிகச் சில பேர்தான். ஆனால் அந்த வகை உறைவு இயல்பாக வருவதே மிக அரிது. எதிர்பார்த்த எண்ணிக்கையைத் தாண்டியது தெளிவாகத் தெரிந்தது. ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்துகள் முகமை அதை மிக அரிதான பக்கவிளைவாகச் சேர்க்க வேண்டும் என்று அறிவித்தது. புனேயில் தயாரான கோவிஷீல்டும் அதே தடுப்பூசிதான். விவேக்கின் மரணத்தில் ஊசியைக் குற்றமற்றது என்று விடுவித்த முறைதான் ஐரோப்பாவில் ஊசியைப் பிடித்தும் கொடுத்தது. அதனால்தான் அந்த முறையை நம்பலாம் என்கிறேன்.

இனி, எண்ணிக்கையே மாயாஜாலம் காட்டிய ஒரு விஷயம். 2021 மே மாதத் தொடக்கத்தில் கேரள முதல்வர் பினராயி விஜயன் ஒரு கணக்கை வெளியிட்டார். மத்திய அரசிடமிருந்து வந்தது 73,38,806 தவணை மருந்து. மக்களுக்குப் போட்டது 74,26,164 ஊசி. வந்ததைவிட 87,358 அதிகம்! யாருக்காவது குறைத்துப் போட்டார்களா?

இல்லை. விடை குப்பிக்குள் இருக்கிறது. கோவிஷீல்டு குப்பி ஒன்று பத்து பேருக்கானது. ஆளுக்கு அரை மில்லி, மொத்தம் ஐந்து மில்லி என்று மேலே ஒட்டியிருக்கும். ஆனால் சரியாக ஐந்து மில்லி ஊற்றினால் பத்தாவது ஆளுக்குப் போதாது. கண்ணாடிச் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் மூடிக்கடியில் கொஞ்சம் தங்கும். ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் நடுவிலுள்ள இண்டில் ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு நின்றுவிடும். காற்றுக்குமிழை வெளியேற்றும்போது ஒரு துளி தெறிக்கும். இதற்கெல்லாம் ஈடாகத் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூடுதலாகவே நிரப்புகிறார்கள். கைதேர்ந்த செவிலியர் குப்பியைக் கவிழ்த்து, ஊசிமுனையை ரப்பரின் ஓரத்துக்கு இழுத்து, குமிழ் வராமல் மெல்ல உறிஞ்சினால் அந்த ஈடு மிச்சமாகும். நம் தடுப்பூசித் திட்டத்தில் பயன்படும், ஒருமுறை போட்டதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளில் ஊசி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருப்பதால் அந்த இண்டும் மிகச் சிறிது. பதினோராவது ஆளுக்கு முழுதாக அரை மில்லி கிடைத்தால் போடலாம். அரை மில்லிக்கு ஒரு சொட்டுக் குறைந்தாலும் கொட்டிவிட வேண்டும். இரண்டு குப்பியின் மிச்சத்தைச் சேர்த்துப் போடக் கூடாது. அந்த 87,358 பேரும் செவிலியர்களின் விரல் நுனியிலிருந்து வந்தவர்கள்.

தமிழ்நாட்டின் கதை இன்னும் சுவையானது. 2021 ஏப்ரல் 11 வரையிலான கணக்கில் தடுப்பூசி அதிகம் வீணான மாநிலம் தமிழ்நாடு, 12 சதவீதம். மே 1 முதல் ஜூலை 13 வரையிலான கணக்கில் கூடுதல் தவணைகளை மிச்சப்படுத்திய மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாடு, 5.88 லட்சம் தவணை. அதே செவிலியர்கள், அதே குப்பிகள். மாறியது வரிசையின் நீளம். திறந்த குப்பியை நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அப்போதைய விதி. தயக்கம் மிகுந்திருந்த மாதங்களில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் நான்கு பேர் வந்தால், ஆறு பேருக்கான மருந்து மாலையில் குப்பைக்குப் போகும். இரண்டாம் அலையின் கோரத்தைப் பார்த்த பிறகு விடியற்காலையிலேயே வரிசை. குப்பி திறந்த வேகத்தில் காலியானது.

இதிலிருந்து வீணாவதே கூடாது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பத்து பேர் சேரும்வரை குப்பியைத் திறக்க மாட்டோம் என்றால் வீணாவது பூஜ்யமாகிவிடும். மூன்று மைல் நடந்து வந்த பாட்டி திரும்பிப் போவார். மறுபடி வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. குழந்தைகளுக்கான தட்டம்மைத் தடுப்பூசியில் ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பல காலமாகச் சொல்லிவருவது. கொட்டிய மருந்தைக் கணக்கெடுக்க முடிகிறது. திருப்பி அனுப்பிய மனிதரை எந்தப் பதிவேடும் கணக்கெடுப்பதில்லை.

ஊசி போட்டவர்களின் சதவீதக் கணக்கிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு முழுவதும் 40,000 இடங்களில் நடந்த முதல் மாபெரும் தடுப்பூசி முகாமில் 20 லட்சம் பேருக்கு இலக்கு வைத்து, 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். இப்படிப் போட்டதைக் கூட்டி, 18 வயதைத் தாண்டியோர் 5.78 கோடி என்று வைத்துக்கொண்டு, இத்தனை சதவீதம் முடிந்தது என்று அறிவிப்பு வரும். அந்த 5.78 கோடி தலைகளை எண்ணி வந்ததல்ல. அப்போதைக்குக் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-இல். அதிலிருந்து கணித்த மதிப்பீடுதான் இது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலைசெய்யும் வடமாநிலத்தவர் எங்கே போட்டுக்கொண்டாலும் மேல் எண்ணில் சேர்வார். கீழ் எண்ணில் அவர் தன் சொந்த மாநிலத்தில் இருப்பார். அதனால் ஒரு ஊர் நூறு சதவீதத்தைத் தாண்டியதாகக் காட்டினாலும் அங்கே ஊசி போடாதவர்கள் நிச்சயம் இருப்பார்கள். இரண்டாம் தவணைச் சதவீதம் முதல் தவணையைவிடப் பின்தங்கியிருந்ததற்கும் மக்களின் அலட்சியம் மட்டும் காரணமல்ல. 2021 மே 13 அன்று கோவிஷீல்டு தவணைகளுக்கான இடைவெளி 12 முதல் 16 வாரமாக நீட்டப்பட்டது. நாள் வராதவர்களும் போடாதவர் பட்டியலில்தான் இருந்தார்கள்.

ஊசி எண்ணிக்கையைவிட நேரடியான அளவு ஒன்று இருக்கிறது. ரத்தத்தையே எடுத்துப் பார்ப்பது. பொது சுகாதாரத்துறை மாநிலம் முழுவதும் குலுக்கல் முறையில் ஊர்களையும் வீடுகளையும் தேர்ந்தெடுத்து, ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தில் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்தது. 2020 அக்டோபர், நவம்பரில் சுமார் 32 சதவீதம் பேரிடம் இருந்தது. 2021 ஏப்ரலில் சுமார் 23 சதவீதம். இது எப்படி? ஒருமுறை தொற்று வந்தவர் வராதவராக மாற முடியாதே. தொற்று வந்த மாதத்தில் எதிர்ப்பொருள் உச்சத்தில் இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடியும். சோதனைக் கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் “இல்லை” என்று முடிவு வரும். கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்கள் உடலில் இருந்தாலும் இந்தச் சோதனைக்கு அவை தெரியாது.

இரண்டாம் அலை ஓய்ந்ததும் எடுத்த மூன்றாவது ஆய்வில் அது 66 சதவீதமாக உயர்ந்தது. இதில் ஊசியின் பங்கு எவ்வளவு, தொற்றின் பங்கு எவ்வளவு? கோவிஷீல்டு போட்டவர் உடலில் கிருமியின் முள்போன்ற ஸ்பைக் புரதத்துக்கு மட்டும் எதிர்ப்பொருள் உருவாகும். தொற்று வந்தவருக்குக் கிருமியின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கும் உருவாகும். இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தால் பிரித்துவிடலாம். அப்போது போடப்பட்ட இன்னொரு தடுப்பூசியான கோவாக்சினைப் போட்டவர்களிடம் இந்த வழி செல்லாது. அது செயலிழந்த முழுக் கிருமி என்பதால் இரண்டும் உருவாகும்.

அந்த 66 என்பதும் சராசரிதான். விருதுநகரில் 84, ஈரோட்டில் 37. மாநிலத்துக்கு ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால், ஈரோட்டில் பத்தில் ஆறு பேருக்கு எதிர்ப்பொருள் தென்படவில்லை என்பது வெளியே வந்திருக்காது. அடுத்த லாரி ஊசியை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பவருக்கு மாநிலச் சராசரியைவிட இந்த மாவட்ட வரிதான் தேவை.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் என்ற உருமாறிய கிருமி வந்தபோது தமிழ்நாட்டில் தினசரித் தொற்று மறுபடி 30,000-ஐத் தாண்டியது. முந்தைய மே மாதத்தில் அதே அளவு தொற்று இருந்தபோது ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த நாட்கள் உண்டு. ஜனவரியில் ஒரு நாள்கூட நூறைத் தொடவில்லை. இதை முழுக்க ஊசியின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் இருந்தார்கள். கிருமியே சாதுவாகிவிட்டது, ஊசிக்கு இதில் வேலையில்லை என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு அலைகளை அருகருகே வைத்துப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. கிருமி மாறியிருந்தது, பெரும்பாலோருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது, ஊசியும் ஏறியிருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில். பிரித்துச் சொல்ல வேண்டுமானால், அந்த ஜனவரியிலேயே, அதே வயதில், அதே இணைநோயோடு, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட வேண்டும். அதற்கு மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்தில் வயது, இணைநோய், முன்பு தொற்று வந்ததா, எத்தனை தவணை, கடைசித் தவணை எப்போது என்ற கட்டங்கள் எல்லாம் சேர்க்கும்போதே நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.